சைப்ரஸ்: பிரிவினையை ஏற்றுக்கொள்வதா?

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1947ஆம் ஆண்டில் பஞ்சாபையும் வங்காளத்தையும் இரண்டாகப் பிளந்து எல்லைக்கோடு வரைந்தவர் சிரில் ராட்க்ளிஃப் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு முன் இந்திய மண்ணை மிதித்திராத அந்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் சில வாரங்களில் தம் வேலையை முடித்துவிட்டு ஊர் திரும்பினார். பல லட்சம் மக்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். அதே ராட்க்ளிஃப் ஒன்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு காலனிக்கு அனுப்பப்பட்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1956ல் சைப்ரஸ் தீவுக்கு ஓர் அரசியல் சட்ட வரைவைத் தயாரிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

தமது அறிக்கையில் அவர் பிரிவினையைப் பரிந்துரைக்கவில்லை. ஆனால் 1956 டிசம்பர் 19 அன்று அந்த அறிக்கையை நாடாளுமன்றத்தில் முன்வைத்த காலனி நாடுகளுக்கான அமைச்சர் லென்னாக்ஸ் பாய்ட், அறிக்கையில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். சுயநிர்ணய உரிமை என்று வந்தால் கிரேக்க சமூகத்துக்கும் துருக்கிய சமூகத்துக்கும் அது தனித்தனியே உண்டு. பிரிவினையும் பரிசீலனைக்குரிய வழிகளுள் ஒன்று என்பதே அவர் கூறியதன் சாரம். பதினெட்டு ஆண்டுகளில் அந்தத் தீவு துப்பாக்கி முனையில் இரண்டாக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் அப்படியே கிடக்கிறது.

இன்று நம் முன் உள்ள கேள்வி இதுதான். “நடந்தது நடந்துவிட்டது; ஐம்பது ஆண்டுகளாக இரு சமூகங்களும் தனித்தனியே வாழ்கின்றன; பெரிய அளவில் ரத்தம் சிந்தப்படவில்லை; எனவே பிரிவினையை ஏற்றுக்கொள்வதே யதார்த்தம்” என்ற குரல் துருக்கி அரசிடமிருந்து மட்டும் வரவில்லை. ஐரோப்பியத் தலைநகரங்களிலும், தீவின் தெற்கிலுள்ள கிரேக்க முதலாளித்துவ வட்டாரங்களிலும்கூட அது ஒலிக்கிறது. தேசிய இனங்களின் சுயநிர்ணய உரிமையை ஏற்கும் நாம் இதை ஏன் எதிர்க்க வேண்டும் என்று நம் தோழர்களே கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு முழக்கங்களால் விடையளிக்க முடியாது; வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

சைப்ரஸின் கதையைக் கிரேக்கத் தரப்பின் அதிகாரபூர்வ வரலாறு 1974லிருந்து தொடங்கும். அந்த ஆண்டுதான் துருக்கிப் படை இறங்கியது. துருக்கியத் தரப்பின் அதிகாரபூர்வ வரலாறு 1963லிருந்து தொடங்கும். அந்த ஆண்டுதான் துருக்கிய சைப்ரஸ் மக்கள் மீதான தாக்குதல்கள் பெரிய அளவில் தொடங்கின. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் பாதி உண்மையே. உழைக்கும் மக்களின் வரலாற்றை நாம் இன்னும் முன்னே சென்று தொடங்க வேண்டும்.

1948 ஜனவரியில் அமெரிக்க நிறுவனமான சைப்ரஸ் மைன்ஸ் கார்ப்பரேஷனின் செம்புச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிரேக்கத் தொழிலாளியும் துருக்கியத் தொழிலாளியும் ஒரே சங்கக் கொடியின்கீழ் நின்றனர். காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, கைதுகள் தொடர்ந்தன, திருச்சபைத் தலைமை போராட்டத்தை எதிர்த்தது. ஆயினும் மே மாதம் வரை அவர்கள் தாக்குப்பிடித்தனர். அந்நாளில் தீவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கிரேக்க சைப்ரஸ் மக்கள்; ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் துருக்கிய சைப்ரஸ் மக்கள். தீவெங்கும் கலந்தே வாழ்ந்தனர். இது துருக்கியப் பகுதி, இது கிரேக்கப் பகுதி என்று பிரித்துக்காட்ட ஒரு நிலப்பரப்பும் இருந்ததில்லை. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

இந்த ஒற்றுமையை உடைத்தது யார்? முதல் குற்றவாளி பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம். 1878ல் ஒட்டோமான் பேரரசிடமிருந்து தீவின் நிர்வாகத்தைப் பெற்ற பிரிட்டன், 1925ல் அதை முடியரசின் காலனியாக அறிவித்தது. சூயஸ் கால்வாயையும் மேற்கு ஆசியாவின் எண்ணெயையும் காவல் காக்க அதற்கு இந்தத் தீவு தேவைப்பட்டது. 1955 ஏப்ரலில் கிரிவாஸ் தலைமையிலான இயோக்கா என்னும் கிரேக்கத் தேசியவாத ஆயுத அமைப்பு தாக்குதலைத் தொடங்கியபோது, அதை ஒடுக்கத் துணைக் காவல்படைக்குத் துருக்கிய சைப்ரஸ் இளைஞர்களை ஏராளமாகச் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் உழைக்கும் மக்களின் முற்போக்குக் கட்சியான ஏகெலைத் தடை செய்தது. கிரேக்கத் தரப்பு ‘எனோசிஸ்’ என்று முழங்கியது. கிரேக்க நாட்டுடன் இணைப்பு என்பது அதன் பொருள். துருக்கியத் தரப்பு ‘தக்சிம்’ என்று முழங்கியது. பிரிவினை என்பது அதன் பொருள். சுதந்திர சைப்ரஸ் என்ற முழக்கம் இவ்விரண்டுக்கும் நடுவே நசுங்கியது.

நமது தவறுகளும்

தோழர்களே, ஏகாதிபத்தியத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. 1950 ஜனவரியில் திருச்சபை நடத்திய வாக்கெடுப்பில் கிரேக்க சைப்ரஸ் மக்களில் சுமார் 96 சதவீதத்தினர் எனோசிஸை ஆதரித்துக் கையெழுத்திட்டனர். ஏகெலும் அதை ஆதரித்தது. காலனி ஆதிக்க எதிர்ப்பு உணர்வு அந்த முழக்கத்தின் வழியாகவே வெளிப்பட்டது என்பது ஒரு விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் சுரங்கத்தில் தோளோடு தோள் நின்ற துருக்கியத் தொழிலாளிக்கு அந்த முழக்கம் என்ன சொன்னது? நாளை நீ வேறொரு நாட்டின் சிறுபான்மையாக இருப்பாய் என்றது. அவரைத் தக்சிம் பேசுவோரின் பக்கம் தள்ளுவதற்கு அந்த அச்சம் உதவியது.

அப்படியும் அவர்கள் எளிதில் பிரிந்துவிடவில்லை. 1958 மே நாளில் நிக்கோசியாவில் இரு சமூகத் தொழிலாளர்களும் சேர்ந்தே ஊர்வலம் சென்றனர். அதன்பின் துருக்கிய ஆயுத அமைப்பான டிஎம்டி, துருக்கிய இடதுசாரிகளை வேட்டையாடத் தொடங்கியது. அதே மாதத்தில் பத்திரிகையாளரும் இடதுசாரியுமான ஃபாசில் ஓன்டெர் கொல்லப்பட்டார். மறுபக்கம் இயோக்கா கிரேக்க இடதுசாரிகளைக் கொன்றது. 1965 ஏப்ரல் 11 அன்று ஏகெல் மத்தியக்குழு உறுப்பினர் தெர்விஷ் அலி கவாஸோலுவும், தொழிற்சங்கத் தலைவர் கோஸ்தாஸ் மிஸியாவுலிஸும் ஒரே காரில் செல்கையில் டிஎம்டியினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் துருக்கியர், மற்றவர் கிரேக்கர். இரண்டு சமூகங்களிலும் பிரிவினைக்குத் தடையாக நின்றவர்கள் தொழிலாளர் இயக்கத்தினரே. பிரிவினைவாதிகள் தத்தம் சமூகத்தின் இடதுசாரிகள் மீது பாய்ந்ததற்குக் காரணம் அதுதான்.

1960லிருந்து 1974 வரை

1959ல் சூரிச்சிலும் லண்டனிலும் கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி 1960 ஆகஸ்ட் 16 அன்று சைப்ரஸ் குடியரசு பிறந்தது. அது ஊனமுற்ற சுதந்திரம். பிரிட்டன், கிரீஸ், துருக்கி ஆகிய மூன்றும் ‘உத்தரவாத நாடுகள்’ ஆயின. மூன்றும் நேட்டோ உறுப்பினர்கள் என்பதைக் கவனியுங்கள். அக்ரோத்திரி, தெகேலியா ஆகிய இரு ராணுவத் தளங்கள், தீவின் பரப்பில் சுமார் 3 சதவீதம், பிரிட்டனின் இறையாண்மையிலேயே இருந்தன, இன்றும் இருக்கின்றன. 2024 ஜனவரியில் ஏமன் மீது குண்டு வீசச் சென்ற பிரிட்டிஷ் போர் விமானங்கள் அக்ரோத்திரியிலிருந்தே புறப்பட்டன.

அரசியல் சட்டம் மக்களை வாக்குச்சீட்டு முதல் நகராட்சி வரை இரண்டாகவே பார்த்தது. 1963 நவம்பரில் குடியரசுத் தலைவர் பேராயர் மக்காரியோஸ் அதைத் திருத்த 13 அம்சங்களை முன்வைத்தார். துருக்கியத் தரப்பு அதைத் தன் பாதுகாப்பைப் பறிப்பதாகவே பார்த்தது. டிசம்பரில் மோதல் வெடித்தது. பிரிட்டிஷ் தளபதி ஒருவர் வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் கோடு கிழித்து நிக்கோசியாவைப் பிரித்தார். ‘பச்சைக் கோடு’ என்ற பெயர் அப்படி வந்தது. சுமார் 25,000 துருக்கிய சைப்ரஸ் மக்கள் வீடிழந்து சிறுசிறு வளைவுகளுக்குள் முடங்கினர். ‘ஒன்றுபட்ட சைப்ரஸ்’ என்று பேசிய கிரேக்கத் தேசியவாதிகள் அந்த ஆண்டுகளில் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதை மறைத்துவிட்டு பிரிவினையின் வரலாற்றை எழுத முடியாது.

1964ல் அமெரிக்கா அச்செசன் திட்டத்தைக் கொண்டுவந்தது. தீவை கிரீஸுடன் இணைத்துவிட்டு, அதில் ஒரு பகுதியைத் துருக்கிக்கு ராணுவத் தளமாகத் தருவது அதன் சாரம். இரண்டு நேட்டோ கூட்டாளிகளும் பங்குபோட்டுக்கொள்ள, அணிசேரா நாடாக நின்ற சைப்ரஸ் மறைந்துவிடும். மக்காரியோஸ் மறுத்தார், ஏகெலும் அவர் பக்கம் நின்றது. பிரிவினை என்னும் யோசனை சமூகங்களின் பகையிலிருந்து தானாக முளைத்ததன்று, ஏகாதிபத்தியத்தின் மேசையில் முன்பே தயாராக இருந்தது என்பதற்கு இந்தத் திட்டமே சாட்சி.

1974 ஜூலை 15 அன்று கிரீஸை ஆண்ட ராணுவக் கும்பல், இயோக்கா-பி என்னும் பாசிச அமைப்பின் துணையுடன் மக்காரியோஸ் ஆட்சியைக் கவிழ்த்தது. ஐந்தாம் நாள் துருக்கிப் படை இறங்கியது. ஆகஸ்டில் நடந்த இரண்டாம் கட்டப் படையெடுப்பின் முடிவில் தீவின் ஏறத்தாழ 37 சதவீத நிலம் துருக்கியின் கைக்குச் சென்றது. 1,60,000க்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரஸ் மக்கள் தெற்கே துரத்தப்பட்டனர். பல்லாயிரம் துருக்கிய சைப்ரஸ் மக்கள் வடக்கே சென்றனர். கிரேக்கக் கிராமங்களில் துருக்கிப் படையின் கொடுமைகள் நிகழ்ந்தன. மராத்தா, சாந்தலாரிஸ், அலோவா கிராமங்களில் கிரேக்கத் தீவிரவாதிகள் துருக்கியப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்று புதைத்தனர். காணாமற்போனவர்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் 2,002 பேர் உள்ளனர்: 1,510 பேர் கிரேக்கர்கள், 492 பேர் துருக்கியர்கள்.

கூட்டாட்சி என்பது பிரிவினையா?

1977ல் மக்காரியோஸும் துருக்கியத் தலைவர் டெங்டாஷும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். சைப்ரஸ், இரு சமூகங்களின் கூட்டாட்சிக் குடியரசாக அமையும் என்பது அதன் அடிப்படை. நாளடைவில் ஐ.நா. தீர்மானங்களில் அது ‘இரு பகுதி, இரு சமூகக் கூட்டாட்சி’ என்று வடிவம் பெற்றது. அரசியல் சமத்துவம் உள்ள இரண்டு பகுதிகள்; ஆனால் ஒரே இறையாண்மை, ஒரே குடியுரிமை, ஒரே சர்வதேச அடையாளம். மக்காரியோஸுக்கு இது வலிமிகுந்த விட்டுக்கொடுத்தல்.

இங்கேதான் சர்ச்சை தொடங்குகிறது. பிரிவினையை ஏற்கலாகாது என்று ஒன்றுபோலப் பேசுவோர், கூட்டாட்சி என்றதும் பிரிந்துவிடுகிறார்கள். கூட்டாட்சியே பிரிவினைக்கு அளிக்கும் அங்கீகாரம் என்று கிரேக்கத் தேசியவாத வலதுசாரிகள் தாக்குகின்றனர். வேறு காரணங்களுக்காகக் கிரேக்கக் கம்யூனிஸ்ட் கட்சியும் இதை ஏற்கவில்லை. மக்களைச் சமூகவாரியாகப் பிரித்துவைக்கும் எந்த ஏற்பாடும் மாறுவேடத்தில் வரும் பிரிவினையே என்பது அதன் விமர்சனம். ஏகெல் கட்சியோ, கூட்டாட்சியை மறுப்பவர்கள் நடைமுறையில் பிரிவினைக்கே கதவு திறக்கிறார்கள் என்கிறது. இரண்டும் நாம் மதிக்கும் சகோதரக் கட்சிகள்.

என் கருத்து இது. சமூக அடிப்படையிலான ஏற்பாடுகள் வர்க்க ஒற்றுமைக்கு இடையூறு என்ற எச்சரிக்கை சரியானது. 1960ஆம் ஆண்டு அரசியல் சட்டமே அதற்குச் சான்று. ஆனால் துருக்கிய சைப்ரஸ் மக்களிடம் சென்று, “சமத்துவ உத்தரவாதம் கேட்காதே, ஒற்றுமைக்கு வா” என்று சொல்ல 1963க்குப் பிறகு எந்தக் கிரேக்கருக்கும் தகுதி இல்லை. எண்ணிக்கையில் பெரிய சமூகம் கேட்கும் நிபந்தனையற்ற ஒற்றுமை, சிறிய சமூகத்தின் காதில் ஆதிக்கம் என்றே விழும். இறையாண்மை ஒன்றாக இருக்கும்வரை கூட்டாட்சி திருத்தத்தக்கது. நாளைய தொழிலாளர் இயக்கம் அதற்குள் நின்று போராடி அதை முன்னேற்ற முடியும். இறையாண்மை இரண்டாகிவிட்டால் அந்தப் போராட்டக் களமே இல்லாமல் போகும்.

2004ஆம் ஆண்டின் படிப்பினை

2004 ஏப்ரல் 24 அன்று கோஃபி அன்னான் திட்டத்தின் மீது இரு பகுதிகளிலும் தனித்தனியே பொதுவாக்கெடுப்பு நடந்தது. துருக்கிய சைப்ரஸ் மக்களில் 65 சதவீதத்தினர் ஏற்றனர். கிரேக்க சைப்ரஸ் மக்களில் 76 சதவீதத்தினர் நிராகரித்தனர். அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன. உத்தரவாத நாடுகளின் தலையீட்டு உரிமையும் பிரிட்டிஷ் தளங்களும் நீடித்தன. பாதுகாப்பு குறித்து உறுதிமொழி பெற அவகாசம் வேண்டி வாக்கெடுப்பைத் தள்ளிவைக்க ஏகெல் கோரியது. அது ஏற்கப்படாததால் ‘இல்லை’ என்று வாக்களிக்கச் சொன்னது. நாளைய ‘ஆம்’ உறுதிபெறவே இன்றைய ‘இல்லை’ என்று அது விளக்கியது. வடக்கில் இடதுசாரிகளான துருக்கியக் குடியரசுக் கட்சியினரோ, டெங்டாஷின் தடையை மீறி ‘ஆம்’ என்று மக்களைத் திரட்டியிருந்தனர். கோட்டின் இருபுறமும் நின்ற இடதுசாரிகள் எதிரெதிர் முடிவுக்குச் சென்றனர்.

அந்த முடிவு சரியா தவறா என்று தொலைவிலிருந்து தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. ஆனால் விளைவைக் காணாமல் இருக்க முடியாது. ஒரு வாரத்தில் தெற்கு மட்டும் நடைமுறையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சென்றது. ‘ஆம்’ என்று சொன்ன துருக்கிய சைப்ரஸ் மக்கள் வெளியே நிற்கும்படி ஆயிற்று. ஏமாற்றம் வளர்ந்தது. 2008ல் ஏகெலின் கிறிஸ்டோஃபியாஸ் குடியரசுத் தலைவராகி, வடக்கின் தலாத்துடன் பேசியபோது, இழந்த நம்பிக்கையை முழுமையாக மீட்க முடியவில்லை. 2017 ஜூலையில் கிரான்ஸ்-மொன்டானா பேச்சு முறிந்தது. அதன்பின் வலதுசாரிக் குடியரசுத் தலைவர் அனஸ்தாசியாதிஸே இரு நாடுகள் என்ற யோசனையைத் திரைமறைவில் பேசினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்தார். மறுக்கப்பட்டாலும், அப்படியொரு குற்றச்சாட்டை நம்புவோர் பலர் இருந்தது கவனிக்கத்தக்கது. பிரிவினை எதிர்ப்பைத் தேர்தல் மேடையில் முழங்குவோரில் சிலருக்கு, இருப்பதே வசதியாகிவிட்டது என்ற ஐயம் மக்களிடம் வேரூன்றியிருந்தது.

2020ல் வடக்கில் எர்சின் தத்தார் வெற்றி பெற்று, இரு இறையாண்மை நாடுகள் என்ற கோரிக்கையை அங்காராவின் ஆதரவுடன் முன்வைத்தார். 1983ல் அறிவிக்கப்பட்ட ‘வட சைப்ரஸ் துருக்கியக் குடியரசை’ இதுவரை துருக்கி மட்டுமே அங்கீகரித்துள்ளது; பாதுகாப்பு கவுன்சிலின் 541, 550 ஆகிய தீர்மானங்கள் அது செல்லாது என்கின்றன. ஆனால் 2025 அக்டோபரில் துருக்கிய சைப்ரஸ் மக்கள் தத்தாரைத் தோற்கடித்து, கூட்டாட்சியை ஆதரிக்கும் துஃபான் எர்ஹுர்மனைப் பெரும் வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தனர். பிரிவினைதான் ‘யதார்த்தம்’ என்போர், அந்த யதார்த்தத்துக்குள் வாழும் மக்களின் இந்தத் தீர்ப்புக்கு என்ன விடை சொல்வார்கள்?

சுயநிர்ணய உரிமை பற்றி

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 1960ல் தீவில் துருக்கிய நிலப்பகுதி என்று ஒன்று இல்லை என்றேன். இன்றுள்ள வடபகுதி படையெடுப்பாலும் மக்களை வேரோடு பெயர்த்ததாலும் உருவாக்கப்பட்டது. இன்றும் அங்கே புழங்கும் நாணயம் துருக்கியின் லிரா. காவல் நிற்பது துருக்கியின் படை. அங்கே பிறக்கும் ‘தனி நாடு’ துருக்கிய சைப்ரஸ் மக்களின் சுயநிர்ணயமாக இராது. அங்காராவின் மாகாணமாகவே இருக்கும். இதை உரக்கச் சொல்பவர்கள் அங்குள்ள ஆசிரியர் சங்கத்தினரும் இடதுசாரிகளுமே.

நமக்கும் இதில் அனுபவம் உண்டு. 1942ல் அதிகாரி தீர்மானத்தின் வழியாக, தேசிய இனத்தையும் மத சமூகத்தையும் குழப்பிக்கொண்டு பாகிஸ்தான் கோரிக்கைக்கு நம் இயக்கம் சுயநிர்ணய உரிமையின் பெயரால் ஆதரவளித்தது. பின்னர் அதைத் தவறென்று சுயவிமர்சனம் செய்துகொண்டது. ஏகெலின் 1950ஆம் ஆண்டுத் தவறைப் பற்றிப் பேசும்போது நம் தவறையும் சேர்த்தே பேச வேண்டும். ஏகெல் பெரும்பான்மையின் முழக்கத்தோடு சென்றது. நாம் பிரிவினையின் முழக்கத்துக்குக் கோட்பாட்டு ஆடை அணிவித்தோம்.

இந்தியாவின் கடமை

சைப்ரஸில் இந்தியாவுக்கு மதிப்பான ஓர் இடம் உண்டு. ஐ.நா. அமைதிப்படையின் தளபதியாக இருந்த ஜெனரல் திம்மையா 1965 டிசம்பரில் பணியிலிருக்கும்போதே நிக்கோசியாவில் காலமானார். அவர் நினைவாக சைப்ரஸ் அஞ்சல் தலை வெளியிட்டது. இரு தரப்பும் நம்பிய நாடாக அன்று இந்தியா இருந்தது. அணிசேராக் கொள்கையே அந்த நம்பிக்கைக்கு அடிப்படை.

2025 ஜூனில் பிரதமர் மோடி சைப்ரஸ் சென்றார். பாகிஸ்தானுக்குத் துருக்கி அளித்த ஆதரவுக்கான பதிலடி என்று பெரும் ஊடகங்கள் அதைக் கொண்டாடின. சைப்ரஸ் மக்களின் துயரத்தைத் துருக்கியை அடிக்கும் கோலாகப் பயன்படுத்துவது நட்பாகாது. உள்நாட்டில் சிறுபான்மை மக்களின் குடியுரிமையையே கேள்விக்குள்ளாக்கும் ஆட்சி, இன்னொரு நாட்டின் சமூக ஒற்றுமைக்குப் பரிந்து பேசும் தார்மீகத் தகுதியை எங்கிருந்து பெறும்?

நாம் கோர வேண்டியவை தெளிவானவை. துருக்கிப் படை வெளியேற வேண்டும், உத்தரவாத நாடுகளின் தலையீட்டு உரிமை ஒழிய வேண்டும், பிரிட்டிஷ் தளங்கள் மூடப்பட வேண்டும், ஐ.நா. தீர்மானங்களின்படி அரசியல் சமத்துவத்துடன் கூடிய கூட்டாட்சி அமைய வேண்டும். நான்கையும் சேர்த்தே கோர வேண்டும். முதல் மூன்றை மட்டும் பேசினால் கிரேக்கத் தேசியவாதத்தின் குரலாகிவிடுவோம். நான்காவதை மட்டும் பேசினால் ஏகாதிபத்தியத்தை மறந்தவர்களாவோம்.

தோழர்களே, காணாமற்போனவர்களின் எலும்புகளைத் தேடும் பணியில் கிரேக்க, துருக்கிய சைப்ரஸ் அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாகச் சேர்ந்து உழைக்கின்றனர். ஒரே குழியில் இறங்கித் தோண்டுகின்றனர். ஒரே ஆய்வகத்தில் அடையாளம் காண்கின்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்களைக் குடும்பங்களிடம் ஒப்படைத்துள்ளனர். எலும்பைத் தேடுவதற்குச் சேர்ந்து வேலை செய்ய முடிந்தவர்களால் ஒரு நாட்டை நடத்தவும் முடியும். அவர்களால் முடியாது என்று சொல்பவர்கள், 1956லும் அதையேதான் சொன்னார்கள்.